க்ரோ லைட்டுக்குக் கீழ இலை வெளுக்குது, கருகுது: லைட்டைத் தூக்கவா, டிம் பண்ணவா, உரம் ஊத்தவா?

முதல்ல ஒரு இலையைப் பத்தி சொல்லிடறேன். வீட்டுக்குள்ள ஷெல்ஃப்ல க்ரோ லைட், அதாவது செடி வளக்குறதுக்குன்னே வர்ற எல்இடி பேனல் ஒண்ணு மாட்டி, அதுக்குக் கீழ மணி பிளான்ட் ஒண்ணு, பேசில் ரெண்டு, மிளகா நாத்து கொஞ்சம்னு வெச்சிருந்தேன். மூணாவது வாரம் மணி பிளான்ட்ல மேலாப்ல இருந்த இலை ஒண்ணு வெளுக்க ஆரம்பிச்சுச்சு, மஞ்சள்னு கூட சொல்ல முடியாது, பழைய பேப்பர் மாதிரி ஒரு வெளுப்பு. தங்கச்சி பாத்துட்டு "அண்ணா, இது மெக்னீஷியம் கம்மி, எப்சம் சால்ட் கரைச்சு ஊத்து"ன்னா. நானும் ஊத்தினேன். பத்து நாள்ல இன்னும் ரெண்டு இலை வெளுத்துச்சு, போதாததுக்கு கீழ் இலை நுனியெல்லாம் பிரவுன் ஆயிடுச்சு.

அப்புறம் ஒரு நாள் லைட்டை ஆஃப் பண்ணிட்டு ஜன்னல் வெளிச்சத்துல அந்த முதல் இலையைத் திருப்பித் திருப்பி பாக்குறப்போதான் கண்ணுல பட்டுச்சு, வெளுத்த இலைக்கு நடுவுல ஒரு துண்டு மட்டும் நல்ல பச்சையா இருக்கு, ஓரம் கத்தரிச்சு ஒட்டுன மாதிரி. மேல இருந்த சின்ன இலையோட நிழல் விழுந்த இடம் அது! இதயம் மாதிரி அந்த இலையோட வடிவம் அப்படியே அச்சு விழுந்திருக்கு. நிழல் பட்ட இடம் பச்சை, படாத இடம் வெள்ளை. நான் பத்து நாளா பாட்டுக்குள்ள, அதாவது தொட்டிக்குள்ள, உப்பு ஊத்திட்டு இருந்திருக்கேன், பிரச்சனை தலைக்கு மேல தொங்கிட்டு இருந்திருக்கு.

(இங்க ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு, மெக்னீஷியம் நிஜமாவே கம்மியா இருக்குற செடியிலயும் வெளிச்சம் நேரா படுற பக்கம்தான் சீக்கிரம் மஞ்சளாகும், நிழல்ல இருக்குற பகுதி கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். ஆனா அது கீழ, பழைய இலையில ஆரம்பிக்கும். உச்சி இலைல, லைட்டுக்குப் பக்கத்துல இருக்குற இலைல ஆரம்பிக்காது. அதனால நிழல் அச்சு மட்டும் பாத்தா போதாது, எந்த இலைன்னும் பாக்கணும்.)

இதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. லைட்டைத் தூக்கு, டிம் பண்ணு, டைமர்ல மணி நேரத்தைக் குறை, பாட்டை ஓரமா நகத்து, தண்ணி ஊத்தி உப்பைக் கழுவு, கால்சியம் குடு, ஃபேன் போடு, வேப்ப எண்ணெய் அடி, இலையை வெட்டித் தள்ளு. எல்லாமே யாரோ ஒருத்தருக்கு வேலை செஞ்சதுதான், அதான் சிக்கலே. எது எப்போ உதவும், எது உதவுற மாதிரி தெரிஞ்சு கெடுக்கும்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை வெச்சு ஒப்பிட்டுப் பாக்குறேன்.

முதல்ல எந்த இலைன்னு பாருங்க

பர்ப்பிள் கலர் லைட் வெச்சிருக்கீங்கன்னா அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் பாக்கணும், அந்த வெளிச்சத்துல இலையோட நிஜக் கலர் தெரியாது, நோய் வந்த இலை கூட ஆரோக்கியமா போஸ் குடுக்கும்.

உச்சியில, லைட்டுக்கு நேர் கீழ இருக்குற இலை வெளுக்குது, இல்ல ஓரம் மேல மடங்கி தோணி மாதிரி ஆகுதுன்னா, முக்கால்வாசி வெளிச்சம்தான் காரணம். கீழ இருக்குற பழைய இலைல நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவுல மஞ்சளானா மெக்னீஷியம், பழைய இலை ஓரம் மட்டும் கருகுனா பொட்டாசியம். ஏன் பழைய இலைன்னா, இந்த ரெண்டு சத்தையும் செடி பழைய இலைல இருந்து புடுங்கி புது துளிருக்கு அனுப்பிடும். கால்சியமும் இரும்பும் அப்படி நகராது, அதனால அதோட குறை புது இலைலதான் தெரியும், கால்சியம்னா துளிரே நுனி கருகி கோணலா வரும், இரும்புன்னா துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடா நிக்கும். எல்லா இலையிலயும் நுனி மட்டும் பிரவுனா காய்ஞ்சிருந்தா உப்பு சேந்திருக்கு, இல்ல தண்ணியே உப்புத் தண்ணி. கீழ் இலை மொத்தமா மஞ்சளாகி கொழகொழன்னு விழுந்தா தண்ணி ஜாஸ்தி. ஊசி குத்துன மாதிரி பொடிப் பொடி வெள்ளைப் புள்ளி, இலை முழுக்க சிதறி இருந்தா அது வெளிச்சமும் இல்ல சத்தும் இல்ல, பூச்சி.

இந்தப் பார்வைக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும். ஆனா நம்மள்ல பாதி பேர் இதைச் செய்யாம நேரா உர பாட்டிலைத் தொறக்குறோம்.

வெளிச்சம்தான்னா: நாலு வழி இருக்கு, நாலும் ஒண்ணு இல்ல

இலைக்கு ஒரு அளவுக்கு மேல வெளிச்சம் வந்தா அதால அதை உபயோகப்படுத்த முடியாது. மிச்சத்தை முதல்ல வெப்பமா மாத்தி வெளிய தள்ளும், செல்லுக்குள்ள இருக்குற பச்சையத் துகள்களை எல்லாம் ஓரமா நகத்தி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒளிச்சு வைக்கும், அதுக்கும் மேல போனா பச்சையமே சிதைஞ்சு வெளுத்துடும். அப்படி வெளுத்த இடம் திரும்ப பச்சையாகாது, நீங்க என்ன பண்ணாலும். அதே மாதிரி கம்மி வெளிச்சத்துல வளந்த இலை மெல்லிசா இருக்கும், அதைக் கொண்டு வந்து திடீர்னு பலமான லைட்டுக்குக் கீழ வெச்சா தாங்காது. என் மணி பிளான்ட் அதுக்கு முன்னாடி ஹால் மூலைல இருந்தது, நான் எடுத்து ஒரே நாள்ல பேனலுக்குக் கீழ வெச்சேன். அதுதான் தப்பு.

கையை லைட்டுக்குக் கீழ வெச்சுப் பாரு, சூடு தெரிஞ்சா தூக்குன்னு ஒரு பழைய யோசனை இருக்கு. சோடியம் லைட் காலத்துக்கு அது சரி. எல்இடிக்கு அதை நம்பாதீங்க, அகச்சிவப்புக் கதிர் கீழ வர்றது ரொம்ப கம்மி, கை ஜில்லுன்னு இருக்கும், இலை வெளுத்துட்டு இருக்கும்.

அதுக்குப் பதிலா ஃபோன்ல லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டு இலை உயரத்துல வெச்சு பாத்தா துல்லியமா இல்லாட்டியும் ஒரு மதிப்பு கிடைக்கும். வெள்ளை எல்இடின்னா வர்ற லக்ஸை 67ஆல வகுத்தா செடிக்கு உபயோகமான வெளிச்சம், அதாவது பிபிஎஃப்டி, தோராயமா வந்துடும் (பர்ப்பிள் லைட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, லக்ஸ்ங்கிறதே மனுஷக் கண்ணுக்குப் பச்சை எவ்வளவு பளிச்னு தெரியுதுங்கிறதை ஒட்டின அளவு). என் பேனல் 25 சென்டிமீட்டர் தூரத்துல 24,000 லக்ஸ் காட்டுச்சு, அதாவது 350 கிட்ட. மணி பிளான்ட், கலத்தியா மாதிரி நிழல் செடிக்கு 50ல இருந்து 150 போதும். கீரை வகை, பேசில் எல்லாம் 200ல இருந்து 400 வரைக்கும் சந்தோஷமா இருக்கும். காய்க்கிற தக்காளி, மிளகா 400க்கு மேலயும் கேக்கும். அப்போ ஒரே ஷெல்ஃப்ல, ஒரே பேனலுக்குக் கீழ, பேசில் கொழுகொழுன்னும் மணி பிளான்ட் பேப்பர் மாதிரியும் நின்னதுல ஆச்சரியமே இல்ல.

சரி, லைட்டைத் தூக்குறது. என் ஓட்டு இதுக்குத்தான். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால் பங்காகும்னு சொல்லுவாங்க, அது ஒத்தை பல்புக்குத்தான் சரியா பொருந்தும், அகலமான பேனலுக்கும் ட்யூபுக்கும் அவ்வளவு வேகமா குறையாது. நான் 25ல இருந்து 45 சென்டிமீட்டருக்குத் தூக்கினேன், கணக்குப்படி 7,500 லக்ஸ் வரணும், ஆனா 11,000 இருந்துச்சு, அதாவது 165 கிட்ட. தூக்குறதுல இன்னொரு லாபம் இருக்கு, அதைப் பலபேர் கவனிக்கிறதில்ல. உயரமான செடியும் குட்டை செடியும் ஒண்ணா நிக்கிறப்போ லைட் ரொம்ப கிட்ட இருந்தா உயரமானது கருகும், குட்டையானது வெளிச்சத்துக்கு ஏங்கி நீளும். ஒரு பல்பு உயரமான செடி உச்சிக்கு 20 சென்டிமீட்டர்லயும் குட்டை செடிக்கு 40லயும் இருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் நாலு மடங்கு. அதையே இன்னும் 40 சென்டிமீட்டர் தூக்கிட்டா 60க்கும் 80க்கும் ஆயிடும், வித்தியாசம் ரெண்டு மடங்கு கூட இல்ல. எல்லாச் செடியும் கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு சாப்பிடும். நஷ்டம் என்னன்னா வெளிச்சம் சுவத்துக்கும் தரைக்கும் சிந்தும், ரூமே பளிச்னு இருக்கும், ஷெல்ஃப் தட்டு கிட்ட கிட்ட இருந்தா தூக்கவே இடம் இருக்காது.

இடம் இல்லாதவங்களுக்கு டிம்மர். கரண்டும் மிச்சம், எல்இடியும் சூடாகாம ரொம்ப நாள் உழைக்கும், குமிழைத் திருப்புனா முடிஞ்சுச்சு. ஆனா மேல சொன்ன அந்த நாலு மடங்கு வித்தியாசம் அப்படியே இருக்கும், எல்லாருக்கும் சமமா குறையும், உயரமான செடிக்கு சரி பண்ணப் போய் குட்டை செடி பட்டினி கிடக்கும். ஒரே வகை நாத்து, ஒரே உயரம், ஒரு ட்ரேன்னா டிம்மர்தான் பெஸ்ட், கலவையா வெச்சிருக்குற என்னை மாதிரி ஆளுக்கு ரெண்டாவது இடம். இதுல இன்னொண்ணு, பெட்டி மேல 1000ன்னு எழுதியிருக்கே அப்போ பாதியாவது குறைக்கணும்னு கணக்குப் போடாதீங்க, மலிவான பேனல் நிறைய 1000 வாட்னு பேர் வெச்சுட்டு ப்ளக்ல அளந்தா 100 வாட் சுத்திதான் இழுக்கும். வாட்டை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, இலை மேல விழுறது எவ்வளவுங்கிறதுதான் கணக்கு.

மூணாவது, டைமர்ல நேரத்தைக் குறைக்கிறது. இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க, நானும் நாலு நாள் ஏமாந்தேன். ஒரு நாளைக்கு மொத்தமா செடிக்கு எவ்வளவு வெளிச்சம் போச்சுங்கிறதுக்கு டிஎல்ஐன்னு ஒரு அளவு இருக்கு, பிபிஎஃப்டியை மணி நேரத்தால பெருக்கி அதை 0.0036ஆல பெருக்குனா வந்துடும். என் பழைய செட்டப், 350ஐ 16 மணி நேரம், 20 வருது, நிழல் செடிக்கு இது அநியாயம். டைமரை 8 மணி நேரமாக்குனா 10 வரும். லைட்டைத் தூக்கி 165ல 16 மணி நேரம் விட்டா 9.5 வரும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, எதுக்கு ஏணி போட்டு சங்கிலியை அவுக்கணும்? ஆனா இலை அப்படி கணக்குப் பாக்காது. லைட் எரியற அந்த 8 மணி நேரமும் அதுக்கு 350தான் விழுது, தாங்க முடியாதது தாங்க முடியாததுதான். நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வேண்டிய தண்ணியை ஒரே மூச்சுல வாயில ஊத்துற மாதிரி. அதனால இலை வெளுத்தா பலத்தைக் குறைக்கணும், நேரத்தை இல்ல.

நேரத்தைக் குறைக்கிறது எப்போ சரின்னா, 24 மணி நேரமும் எரிய விட்டிருந்தா. செடிக்கு வெளிச்சம்தானே சாப்பாடு, ராத்திரியும் சாப்பிடட்டும்னு விட்டுடுவாங்க. தக்காளி, கத்திரி ரெண்டும் இருட்டே இல்லாம வளந்தா இலை மஞ்சள் மஞ்சளா திட்டு போட்டு கெட்டுப் போகும், அது ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம். 14ல இருந்து 16 மணி நேரத்துக்கு மேல எதுக்கும் வேணாம்.

நாலாவது, பாட்டை நகத்துறது. சிரிக்காதீங்க, இதுக்குச் செலவும் இல்ல, ஸ்க்ரூட்ரைவரும் வேணாம். பேனலோட நடுவுக்கும் ஓரத்துக்கும் வெளிச்சம் நிறைய வித்தியாசப்படும், ஓரத்துல பாதிதான் இருக்கலாம், லக்ஸ் ஆப்பை ஷெல்ஃப் முழுக்க நகத்திப் பாத்தா நீங்களே அசந்து போவீங்க. நடுவுல மிளகா, ஓரத்துல மணி பிளான்ட்னு நான் இடம் மாத்தின அன்னைக்கே பாதிப் பிரச்சனை முடிஞ்சுச்சு, உண்மையைச் சொன்னா லைட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் பண்ணியிருக்கணும். புதுசா கொண்டு வர்ற செடின்னா ஓரத்துல ஆரம்பிச்சு பத்து, பதினாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்குக் கொண்டு போங்க. அந்த நாள்ல வர்ற புது இலை தடிமனா, அந்த வெளிச்சத்துக்குன்னே தயாராகி வரும். பழைய இலை அப்படி மாறாது.

லைட்டுக்கும் செடிக்கும் நடுவுல மெல்லிசு துணி கட்டலாமான்னு கேப்பாங்க. லைட் மேல துணியைப் போடவே கூடாது, காத்துப் போக வழியில்லாம சூடாகி லைட்டும் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. தள்ளி சட்டம் வெச்சு கட்டுறதுன்னா சரி, ஆனா அவ்வளவு மெனக்கெடுறதுக்கு லைட்டையே தூக்கிடலாமே.

இன்னொரு விஷயம், கற்றாழை வகை, சக்குலன்ட் எல்லாம் பலமான வெளிச்சத்துல செவக்கும். அது வெளுப்பு இல்ல, செடி தனக்குத் தானே பூசிக்கிற சன்ஸ்க்ரீன் மாதிரி. இலை கெட்டியா, நல்லா இருந்தா செவப்பைப் பாத்து பயந்து எதையும் மாத்தாதீங்க, பலபேர் அதுக்காகவே வளக்குறாங்க.

தூக்குனதுக்கு அப்புறம் நான் பண்ண ரெண்டாவது தப்பு

லைட்டைத் தூக்கினேன், ஆனா தண்ணி ஊத்துற பழக்கத்தை மாத்தல. வெளிச்சம் பாதியானா செடி குடிக்கிற தண்ணியும் குறையும்னு மண்டைல ஏறல, முன்னாடி மூணு நாளைக்கு ஒரு தடவைன்னா இப்பவும் மூணு நாளைக்கு ஒரு தடவை. ரெண்டு வாரத்துல பேசில் கீழ் இலையெல்லாம் மஞ்சளாச்சு, மண்ணு மேல சின்னச் சின்ன கறுப்பு ஈ சுத்துச்சு. பாட்டைத் தூக்கிப் பாத்தா கனமா இருக்கு, விரலை உள்ள விட்டா சேறு. உடனே எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஐயையோ வெளிச்சம் பத்தல, லைட்டை இறக்கிடலாமான்னு! இறக்கியிருந்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கும் கதை. நல்ல வேளை, விரலை விட்டுப் பாத்தேன். லைட்டை மாத்துன வாரம் பாட்டைத் தூக்கி எடை பாத்து ஊத்துங்க, காலண்டரைப் பாத்து ஊத்தாதீங்க.

உரம், உப்பு, கழுவுறது

மெக்னீஷியம் நிஜமா கம்மின்னா எப்சம் சால்ட் வேலை செய்யும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா சந்தேகத்துக்கு ஊத்துறதுல ஒரு சிக்கல், அதுவும் உப்புதான். ஏற்கனவே உரம் போட்டுட்டு இருக்குற சின்ன பாட்ல இன்னொரு உப்பு சேரும்போது வேர் தண்ணி இழுக்கத் திணறும், இலை நுனி காயும், அந்த நுனியைப் பாத்துட்டு இன்னொரு சத்து குறையுதுன்னு அடுத்த பாட்டிலைத் தேடுவோம். என் மணி பிளான்ட்டோட கீழ் இலை நுனி பிரவுன் ஆனது அப்படித்தான்.

உப்பு சேந்திருச்சுன்னா பாட்டோட கொள்ளளவு போல ரெண்டு மூணு மடங்கு தண்ணியை மெதுவா ஊத்தி கீழ வழிய விட்டு கழுவலாம், தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டிடணும், இல்லாட்டி உப்பு திரும்ப மேல ஏறும். உரம் ஊத்துறதோட ஒப்பிட்டா இதுல ரிஸ்க் கம்மி. ஆனா மண்ணு ஏற்கனவே சேறா இருந்து வேர் அழுகிட்டு இருக்குற பாட்டுக்கு இதைச் செஞ்சா அது கடைசிக் குளியல்தான். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, கலத்தியா இந்த மூணும் தண்ணியில இருக்குற ஃப்ளோரைடுக்கே நுனி கருகுற ஜாதி, அதுக்கு லைட்டைக் குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல, மழைத் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ குடுத்துப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

கால்சியம் கதை வேற மாதிரி. எல்இடிக்குக் கீழ துளிர் நுனி கருகுதுன்னா பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இல்லாததால இல்ல, இருக்குற கால்சியம் துளிர் வரைக்கும் போய்ச் சேராததால. கால்சியம் தண்ணியோட சேந்துதான் நகரும், இலையில இருந்து தண்ணி ஆவியானாத்தான் கீழ இருந்து மேல இழுக்கும். காத்தே அசையாத மூடின ஷெல்ஃப்ல, எல்இடி சூடும் இல்லாம, நடுத் துளிர்ல ஆவியாதல் நடக்கிறதே இல்ல. லெட்டூஸ் வளக்குறவங்க இந்த நுனிக் கருகலுக்கு ஃபேன் வெச்சு நடு துளிர் மேல மெல்லிசா காத்து விடுவாங்க, உரத்தை விட அது நல்லா கேக்கும். ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேன் போதும், இலை லேசா ஆடணும், அவ்வளவுதான், நேரா முகத்துல அடிச்சா ஓரம் காய்ஞ்சு அது ஒரு புது வியாதியாயிடும்.

கலத்தியா ஓரம் மொறுமொறுன்னு காயுதுன்னு தண்ணி ஸ்ப்ரே பண்றது, அதை நான் எண்ணிக்கைலயே சேக்கல. சில நிமிஷத்துல காத்து பழையபடி ஆயிடும். செடிகளைக் கூட்டமா வைங்க, இல்ல ஹியூமிடிஃபையர் வைங்க. ஸ்ப்ரே பண்ண தண்ணித்துளி லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு இலையைச் சுட்டுடும்னு ஒரு பயம் உண்டு, 2010ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதிச்சுப் பாத்து வழவழப்பான இலைல அப்படி நடக்கலைன்னு காட்டினாங்க, முடி அடர்ந்து துளியை உயரத்துல தூக்கிப் பிடிக்கிற இலைலதான் வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்க.

பூச்சின்னா லைட் பக்கமே போகாதீங்க

க்ரோ லைட் செட்டப்ல சிலந்திப் பேன் வர்றது ரொம்ப சகஜம், கதகதப்பு, காய்ஞ்ச காத்து, மழை கிடையாது, அதைத் தின்ன வர்ற பூச்சியும் கிடையாது, அதுக்கு சொர்க்கம். பொடிப் புள்ளி வந்த இலைக்குக் கீழ ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சு இலையை நாலு தட்டு தட்டுங்க. விழுற தூசியை அரை நிமிஷம் உத்துப் பாருங்க, தூசி நடந்து போச்சுன்னா அதான். விரலால ஒரு இழுப்பு இழுத்தா கோடு விழும். டார்ச்சை சாய்ச்சு அடிச்சா இலை காம்புகிட்ட நூலாம்படை மினுங்கும்.

இதுக்கு தண்ணிக் குழாய்ல இலைக்கு அடியில பீச்சி கழுவுறது, பூச்சிக்குன்னே வர்ற சோப்பு, வேப்ப எண்ணெய், வேட்டைப் பேன் (சிலந்திப் பேனைத் தின்னுற இன்னொரு பேன்) விடுறதுன்னு வழிகள் இருக்கு. சோப்பு மேல பட்ட பூச்சியைத்தான் கொல்லும், முட்டையை ஒண்ணும் பண்ணாது, 27 டிகிரி கிட்ட முட்டை ஒரு வாரத்துலயே வளந்த பேனாயிடும், அதனால ஒரு தடவை அடிச்சுட்டு ஜெயிச்சுட்டேன்னு உக்காராம அஞ்சாறு நாள் இடைவெளியில மூணு தடவையாவது அடிக்கணும். பாத்திரம் கழுவுற சோப்பு வேணாம், இலையோட மெழுகுப் பூச்சையே அது கழுவி எடுத்துடும். வேப்ப எண்ணெய் நல்ல மருந்துதான், ஆனா லைட் எரியும்போது அடிச்சா இலையே பொசுங்கும், லைட் ஆஃப் ஆனதும் அடிச்சுட்டு விடிய விடிய காய விடுங்க. ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ்னு ஒரு வேட்டைப் பேன் இருக்கு, சிலந்திப் பேனை மட்டுமே தின்னு வாழும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல இருந்தா அருமையா வேலை செய்யும். சோப்பும் எண்ணெயும் அடிச்ச கையோட இதை விட்டீங்கன்னா இதுவும் சேந்து செத்துடும், ஒண்ணு அது, இல்ல இது. பத்துப் பாட் இருக்குற வீட்டுக்கு நான் குழாய் தண்ணியும் சோப்பும்தான் சொல்லுவேன், ஐம்பது அறுபது செடி கூட்டமா இருந்தா வேட்டைப் பேன் யோசிக்கலாம்.

புள்ளிக்குப் பதிலா வெள்ளிக் கோடு மாதிரி சுரண்டல், அதுல கறுப்புப் பொட்டு பொட்டா எச்சம்னா இலைப்பேன். அது மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழு ஆகுற வகை, இலையை மட்டும் கழுவுனா பத்தாது.

வெட்டவா வேணாமா

கெட்டுப் போன இலையை வெட்டுனா செடி புதுசா துளிர்க்கும்னு சிலர் மொட்டையே அடிச்சுடுறாங்க. பாதிக்கு மேல பச்சையா இருக்குற இலை இன்னும் சம்பாதிச்சுக் குடுக்குற இலை, அழகா இல்லைங்கிறதுக்காக அதை வெட்டுறது எனக்குப் பிடிக்கல. பாதிக்கு மேல போயிடுச்சுன்னா எடுக்கலாம், பூச்சி வந்த இலைன்னா யோசிக்காம எடுக்கலாம், ஆனா ஒரே நேரத்துல மொத்த இலைல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாதீங்க.

அப்புறம் எதை மாத்துனாலும் ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்திட்டு பத்து, பதினாலு நாள் பொறுங்க, பாக்க வேண்டியது பழைய இலையை இல்ல, அதுக்கப்புறம் விரியற புது இலையை. லைட்டைத் தூக்கி, உரத்தை நிறுத்தி, சோப்பும் அடிச்சு மூணையும் ஒரே ஞாயித்துக்கிழமை பண்ணா செடி தேறுனாலும் எதனால தேறுச்சுன்னு தெரியாது, அடுத்த தடவை மறுபடி மூணையும் பண்ணணும். என்னோடதுல பாட்டை நகத்தி, தூக்கி, பன்னெண்டாவது நாள் ஒரு இலை விரிஞ்சுச்சு, முழுப் பச்சை, பழசை விட கொஞ்சம் தடிமன்.

நிழல் அச்சு விழுந்த அந்த முதல் இலையை மட்டும் வெட்டல. பச்சை கால்வாசிதான் இருக்கும், நான் சொன்ன விதிப்படியே அது போயிருக்கணும். போன வாரம் தங்கச்சி வந்தப்போ அதைக் காட்டினேன், கொஞ்ச நேரம் கையில பிடிச்சுப் பாத்துட்டு "அப்போ அந்த எப்சம் சால்ட் மிச்சம் எங்க?"ன்னு கேட்டா. டப்பா முக்கால்வாசி அப்படியே இருக்கு, எடுத்துக் குடுத்துட்டேன்.